ஏறும் தண்ணீரும் இறங்கும் தண்ணீரும்: எல் யெர்ரோ தீவின் காற்று மின்சாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே மலைச்சரிவு. பக்கத்தில் பக்கத்தில் குழாய்கள். ஒரு குழாயில் பம்ப் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் அடுத்த குழாயில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி டர்பைனைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்றுவதற்கு மின்சாரம் செலவு, இறக்கினால் அதில் முக்கால் பங்குகூடத் திரும்பி வராது. பார்ப்பவர்கள் இது என்ன கூத்து என்றுதான் கேட்பார்கள்.

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் இருக்கும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் மேற்குக் கோடியில் இருக்கும் எல் யெர்ரோவில் இது அன்றாடம் நடக்கிற காரியம். காற்று மின்சாரத்தைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் உதாரணமாகக் காட்டப்படும் தீவு இது. “முழுக்க முழுக்கக் காற்றில் ஓடும் தீவு” என்று தலைப்புச் செய்தியும் ஆனது, “சொன்னதில் பாதிதான் நடந்தது” என்று கேலிக்கும் ஆளானது. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. அந்த இரண்டு குழாய்கள் ஏன் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று புரிந்துகொண்டால், சேமிப்பு உண்மையில் எந்த வேலையைச் செய்கிறது என்பது தெரிந்துவிடும். காற்றை நாளைக்கு எடுத்துவைப்பது அந்த வேலையில் ஒரு பகுதி மட்டும்தான்.

தீவும் அதன் கணக்கும்

எல் யெர்ரோவின் பரப்பு சுமார் 268 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பத்தாயிரம், பதினோராயிரம் அளவில். எரிமலை உருவாக்கிய தீவு, ஆறு கிடையாது. மற்றத் தீவுகளோடு மின்கம்பி இணைப்பும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். பெரிய மின்கட்டமைப்போடு கேபிளில் இணைந்த தீவுகள் மீதமான மின்சாரத்தை வெளியே தள்ளிவிடலாம், பற்றாக்குறை வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தீவுகள் “நாங்கள் நூறு சதவீதம்” என்று சொன்னால் அது வருடாந்திர வரவு செலவுக் கணக்கு. இங்கே அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நொடியும் தீவுக்குள்ளேயே வரவும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும்.

தீவின் மின்தேவை சராசரியாக 5 மெகாவாட். நள்ளிரவுக்குப் பிறகு 4 மெகாவாட் அளவுக்கு இறங்கும், உச்ச நேரத்தில் 7ஐத் தாண்டும். பல பத்தாண்டுகளாக இந்தத் தேவையைக் கவனித்துக்கொண்டது ல்யானோஸ் பிளாங்கோஸ் டீசல் மின்நிலையம். டீசல் கப்பலில் வர வேண்டும்.

தீவு நிர்வாகம் 1997இலேயே நீடித்த வளர்ச்சிக்கென்று ஒரு திட்டம் போட்டது. 2004இல் ‘கொரோனா தெல் வியெந்தோ’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘வியெந்தோ’ என்றால் ஸ்பானிய மொழியில் காற்று.) பெரும்பான்மைப் பங்கு தீவு மன்றத்திடம். மீதி எண்டெசா மின் நிறுவனம், கேனரித் தொழில்நுட்ப நிறுவனம், கேனரி அரசு ஆகியோரிடம். 8 கோடி யூரோவுக்கு மேல் செலவானது, அதில் ஒரு பகுதியை ஸ்பெயின் அரசு கொடுத்தது. 2014 ஜூனில் திறப்பு விழா. முழுமையான இயக்கத்துக்கு வர இன்னும் ஓராண்டு பிடித்தது. வருடத்துக்கு சுமார் 6,000 டன் டீசல் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு.

கட்டியது என்ன? தலா 2.3 மெகாவாட்டில் ஐந்து எனெர்கான் காற்றாலைகள், ஆக மொத்தம் 11.5 மெகாவாட். மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் ஓர் அணைந்த எரிமலையின் வாய். அதில் நீர் கசியாத விரிப்பைப் போட்டுத் தொட்டியாக்கினார்கள், கொள்ளளவு சுமார் 3,80,000 கனமீட்டர். கீழே கடலோரத்தை ஒட்டி 1,50,000 கனமீட்டரில் இன்னொரு தொட்டி. இடையில் 650 மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கம். கீழே எட்டு பம்ப்கள், எல்லாம் சேர்த்து 6 மெகாவாட். தலா 2.83 மெகாவாட்டில் நான்கு பெல்டன் டர்பைன்கள், மொத்தம் 11.3 மெகாவாட். தண்ணீர் எங்கிருந்து? ஆறில்லாத தீவில் கடல்நீரை நன்னீராக்கித்தான் நிரப்ப வேண்டியிருந்தது. உப்புநீரையே நேராகப் பயன்படுத்தியிருக்கலாமே என்று தோன்றும். ஜப்பானின் ஒகினாவாவில் 1999இல் அப்படி ஒரு 30 மெகாவாட் நிலையம் ஓடத் தொடங்கியது, 2016இல் மூடப்பட்டது. உப்பு குழாயையும் டர்பைனையும் தின்னும். கசிந்தால் மண்ணும் கெடும்.

ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை யூனிட்

இந்த நிலையத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கனமீட்டர் தண்ணீர் 650 மீட்டர் இறங்கும்போது இயற்பியல் கணக்குப்படி தருவது 1.77 யூனிட். டர்பைன், ஜெனரேட்டர், குழாய் உராய்வு என்று கழித்தால் கைக்கு வருவது ஒன்றரை யூனிட். ஒரு வீட்டு மாடித் தொட்டி நிறையத் தண்ணீரை அரை கிலோமீட்டருக்கு மேல் தூக்கிப் போட்டுக் கிடைப்பது இவ்வளவுதான். புவியீர்ப்பு ரொம்பக் கஞ்சன். அதனால்தான் நீரேற்று நிலையங்களுக்கு மலையும் பெரிய தொட்டிகளும் வேண்டியிருக்கிறது.

மேல் தொட்டியில் 3,80,000 கனமீட்டர் பிடிக்கும். ஒன்றரையால் பெருக்கினால் 5,70,000 யூனிட். சராசரியாக 5 மெகாவாட், அதாவது மணிக்கு 5,000 யூனிட் செலவாகும் தீவுக்கு அது 114 மணி நேரம், ஐந்து நாளைக்குச் சற்றுக் குறைவு. பிரமாதமாகத் தெரிகிறது, இல்லையா? விளம்பரங்களிலும் இந்த மாதிரிக் கணக்குதான் வரும். ஆனால் கீழ்த்தொட்டியில் பிடிப்பது 1,50,000 கனமீட்டர்தான். மேலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போகும்? கடலில் விட்டால் அத்தனை செலவு செய்து நன்னீராக்கிய தண்ணீர் வீண். ஆகவே ஒரு சுற்றில் பயன்படக்கூடியது 1,50,000 கனமீட்டர், அதாவது 2,25,000 யூனிட், அதாவது 45 மணி நேரம். இரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

இரட்டைத் தொட்டி முறையில் சிறிய தொட்டிதான் அளவுகோல். இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனாலும் மேல் தொட்டியின் கொள்ளளவை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

இப்போது ஏற்றும் பக்கம். ஒரு கனமீட்டரை மேலே தள்ள, பம்ப் இழப்பும் சேர்த்து, 2.1 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 2.1 போட்டு 1.5 எடுக்கிறோம். நூற்றுக்கு எழுபது திரும்புகிறது. நீரேற்று நிலையங்களுக்கு இது வழக்கமான அளவுதான். 6 மெகாவாட் பம்ப்கள் அத்தனையும் ஓடினால் மணிக்கு சுமார் 2,850 கனமீட்டர் ஏறும். கீழ்த்தொட்டி நிறைய இருக்கும் தண்ணீரை மேலே அனுப்ப 52 மணி நேரம் ஆகும்.

ஒரு காற்றடிக்கும் இரவை எடுத்துக்கொள்வோம். மணி இரண்டு. தீவின் தேவை 4 மெகாவாட். ஐந்து காற்றாலைகளும் முழுவேகத்தில் 11.5 மெகாவாட் தரத் தயார். மீதம் 7.5. பம்ப்கள் வாங்கிக்கொள்ளக்கூடியது 6. மேல் தொட்டி காலியாகவே இருந்தாலும் 1.5 மெகாவாட்டை விட்டுவிடத்தான் வேண்டும். காற்றாலை இறக்கைகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றை வழியனுப்பி வைக்க வேண்டும். தொட்டி எவ்வளவு பெரிது என்ற கேள்வி இந்த இடத்தில் வரவே இல்லை. வாய் சிறிய குடத்தில் எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் உள்ளே போவது வாயின் அளவுக்குத்தான்.

நொடிக்கணக்கில் நடக்கும் வேலை

சரி, ஆரம்பத்தில் சொன்ன இரண்டு குழாய்களுக்கு வருவோம்.

மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். தேவை உற்பத்தியைவிட அதிகமானால் அதிர்வெண் இறங்கும், குறைந்தால் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் போனால் பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்க ஆரம்பிக்கும். தொடர்ந்து விட்டால் தீவே இருளும். பெரிய கட்டமைப்பில் நூற்றுக்கணக்கான கனமான ஜெனரேட்டர்கள் ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று நின்றால் மற்றவற்றின் சுழற்சியில் இருக்கும் ஆற்றல் சில நொடிகளுக்குத் தாங்கும். இதைத்தான் சுழல் நிலைமம் என்கிறார்கள். ஓடும் மாட்டுவண்டியில் ஒரு மாடு இடறினால் மற்ற மாடும் வண்டியின் வேகமும் இழுத்துக்கொண்டு போவது போல.

எல் யெர்ரோ ரொம்பச் சின்ன வண்டி. காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 8 மீட்டருக்குத் தணிந்தால் வேகம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான், சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். தேவையே 5 மெகாவாட் இருக்கும் இடத்தில் ஒரு மெகாவாட் ஏறி இறங்கினால் அது இருபது சதவீத அதிர்ச்சி.

அதோடு இன்னொரு சிக்கல். இந்தக் காற்றாலைகளில் கியர்பெட்டி கிடையாது. இறக்கை சுற்றும் வேகத்திலேயே ஜெனரேட்டரும் சுற்றி, அந்த மின்சாரம் முழுவதும் மின்னணுக் கன்வெர்ட்டர் வழியாகத்தான் கட்டமைப்புக்குப் போகிறது. காற்றாலைக்கு அது நல்லது, எந்த வேகத்திலும் சுற்றலாம். ஆனால் கன்வெர்ட்டர் நடுவில் நிற்பதால் அந்தக் கனமான இறக்கைகளின் நிலைமம் கட்டமைப்புக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. பேருந்தில் நிற்கும் பயணி போலத்தான் அது. வண்டியில் இருக்கிறார், வண்டியைத் தாங்கவில்லை.

முன்பு இந்தத் தாங்கும் வேலையை டீசல் இன்ஜின்கள் பார்த்தன. டீசலோடு காற்றாலையை மட்டும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த நேரத்தில் காற்று விழும் என்று தெரியாததால் இரண்டு மூன்று இன்ஜின்களாவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டீசல் இன்ஜினை ரொம்பக் குறைந்த சுமையில் ஓட்டவும் முடியாது. எரிபொருள் சரியாக எரியாமல் கரி படியும், இன்ஜின் கெடும். ஆகவே ஒவ்வொன்றும் தன் திறனில் ஒரு பங்கைக் கட்டாயம் உற்பத்தி செய்யும். அந்த அளவுக்குக் காற்றுக்கு இடமில்லை. எவ்வளவு காற்றாலை நட்டாலும் பயன் ஓர் அளவோடு நின்றுவிடும்.

டீசலை முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் அது செய்துகொண்டிருந்த தாங்கும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பெல்டன் டர்பைன். கிண்ணங்கள் பதித்த சக்கரத்தின் மீது 650 மீட்டர் அழுத்தத்தோடு தண்ணீர்த் தாரை மோதுகிறது. தாரையின் வழியில் இருக்கும் தகட்டைத் திருப்பினால் சக்தி உடனே மாறும். சக்கரமும் ஜெனரேட்டரும் கட்டமைப்போடு நேரடியாகப் பிணைந்து சுற்றுவதால் நிலைமமும் கிடைக்கிறது. ஆனால் நின்றிருக்கும் டர்பைன் யாரையும் தாங்காது. அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அதாவது தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், காற்று பலமாக அடிக்கும்போதுகூட.

பம்ப் பக்கமும் இதே வேலையில் சேர்ந்துகொள்கிறது. எட்டு பம்ப்களில் சிறியவையான 500 கிலோவாட் பம்ப்களை ஒவ்வொன்றாகப் போடலாம், நிறுத்தலாம். காற்று ஏறினால் ஒரு பம்ப் கூட, விழுந்தால் ஒரு பம்ப் குறைய. தீவின் வீடுகளில் விளக்கு கண் சிமிட்டாமல் இருப்பதற்காக மலைச்சரிவில் தண்ணீர் ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கிறது.

இதுதான் அந்தக் கூத்தின் பொருள். ஒரே நேரத்தில் ஏற்றி இறக்குவதில் மின்சாரம் வீணாகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வீணடிப்பு, டீசல் இன்ஜின்களை அணைப்பதற்கு நாம் கட்டும் வாடகை. என் கணிப்பில் இந்த நிலையத்தின் மிகப் பெரிய சாதனை இதுவே. சேமித்து வைத்த தண்ணீர் காற்றில்லாத இரவில் கொடுத்த யூனிட்டுகளைவிட, சுற்றிக்கொண்டே இருந்த டர்பைன் காற்றுக்கு வாங்கிக் கொடுத்த இடம் பெரிது.

என்ன கிடைத்தது

2015 ஆகஸ்ட் 9ஆம் தேதி டீசல் இன்ஜின்கள் முதல் தடவையாக முழுவதும் அணைக்கப்பட்டன. சில மணி நேரம்தான். 2018 தொடக்கத்தில் தொடர்ந்து 18 நாள் டீசல் இல்லாமல் ஓடியது. 2019 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை 24 நாளுக்கும் மேல். கோடையில் அங்கே வணிகக் காற்று என்ற சீரான கடற்காற்று விடாமல் வீசும், அதன் கொடை இது.

வருடக் கணக்கு வேறு மாதிரி. 2016இல் தீவின் மின்தேவையில் 41 சதவீதம் அளவுக்குக் காற்றும் நீரும் சேர்ந்து கொடுத்தன. 2018இல் அது 56ஐ எட்டியது. 2020இல் மறுபடி 42 அளவுக்கு வந்துவிட்டது. காற்று ஆண்டுக்கு ஆண்டு மாறும், அது ஒரு காரணம். 2015க்கும் 2018க்கும் நடுவில் நடந்த ஏற்றத்துக்கு வேறொரு காரணமும் உண்டு, அது இயக்குபவர்களின் அனுபவம். ஆரம்பத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டீசல் இன்ஜினைச் சுற்றவிட்டே வைத்திருப்பார்கள். பொறுப்பு அவர்களுடையது. தீவு இருண்டால் கேள்வி கேட்கப்படுவது காற்றையல்ல, ஸ்பெயினின் கட்டமைப்பை இயக்கும் ரெட் எலெக்ட்ரிகாவை. எவ்வளவு காற்று வாங்கினால் எவ்வளவு ஆட்டம் வரும், எத்தனை டர்பைன் சுற்றினால் போதும் என்று பழகப் பழக இன்ஜின்கள் அணைந்தன. இரும்பும் சிமெண்டும் அதேதான். மாறியது கை. சேமிப்புத் திட்டங்களுக்கு முதல் ஆண்டு எண்ணை வைத்து மார்க் போடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் மீதிப் பாதி ஏன் வரவில்லை? ஐந்து காற்றாலைகளும் அவற்றுக்குக் கிடைக்கும் காற்றை முழுதாகப் பிடித்தால் வருடத்தில் தீவின் தேவையை ஒட்டி உற்பத்தியாகும். கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் வருகிறது. கோளாறு நாள்காட்டியில்.

கோடையில் தேவைக்கு மேல் காற்று. தொட்டி இரண்டு நாளில் நிறைந்துவிடும். பிறகு வரும் மீதமெல்லாம் வீண். இலையுதிர் காலத்தில் வாரக்கணக்கில் காற்று மந்தமாகும். தொட்டி இரண்டு நாளில் காலி. பிறகு டீசல். மூன்று வாரம் காற்றில்லாமல் தீவை ஓட்ட 25 லட்சம் யூனிட் வேண்டும். கையில் இருப்பது இரண்டேகால் லட்சம். கீழ்த்தொட்டியை இரட்டிப்பாக்கியிருந்தால் தீர்ந்திருக்குமா? நான்கு நாள் ஆகியிருக்கும், மூன்று வாரம் ஆகியிருக்காது. பதினோரு மடங்கு தொட்டி கட்டினால், வருடத்தில் ஓரிரு தடவை மட்டும் நிறைந்து காலியாகும் ஒன்றுக்கு அத்தனை செலவு. சேமிப்புக் கலன் எதுவானாலும் அடிக்கடி நிறைந்து காலியானால்தான் போட்ட பணம் திரும்பும். நொடிக்கும் மணிக்கும் சேமிப்பு நல்ல வியாபாரம், ஒரு நாளுக்குச் சுமார், பருவத்துக்குப் பெரும் நஷ்டம். எல் யெர்ரோவில் இந்த மூன்றும் ஒரே குழாயில் ஓடுவதால் அருகருகே பார்க்க முடிகிறது.

இரண்டு ஒப்பீடுகள்

இதே பாடத்தை பேட்டரியில் பார்க்க தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் உயர்மின்னழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்து விழுந்ததில் பல காற்றாலைத் தொகுதிகள் தங்கள் பாதுகாப்பு அமைப்பின்படி விலகிக்கொண்டன. மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, ஜேம்ஸ்டவுன் அருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையை ஒட்டி 100 மெகாவாட் லித்தியம் பேட்டரி இயங்கத் தொடங்கியது. கட்டியது டெஸ்லா, உரிமை பிரான்ஸின் நியோவன் நிறுவனத்துக்கு.

தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 1,29,000 யூனிட். பக்கத்தில் இருக்கும் காற்றாலைகளின் திறன் 315 மெகாவாட். அவை முழுவேகத்தில் ஓடி 25 நிமிடத்தில் தரும் மின்சாரம்தான் பேட்டரியில் பிடிப்பது. “காற்று அடிக்கும்போது சேமித்து, அடிக்காதபோது கொடுக்கும்” என்று இதை விவரிப்பவர்கள் இந்த 25 நிமிடத்தைச் சொல்வதில்லை. பேட்டரித் திறனில் 70 மெகாவாட்டை மாநில அரசு கட்டமைப்பின் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிவைத்தது. அது பத்து நிமிடம் தாங்கினால் போதும். மீதி 30 மெகாவாட்டில்தான் மலிவாக வாங்கி விலை ஏறும்போது விற்கும் வேலை. இயங்கத் தொடங்கி இரண்டே வாரத்தில், 2017 டிசம்பர் 14 அன்று, கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் அலகு ஒன்று திடீரென்று நின்றது. அதிர்வெண் இறங்கியதும் பேட்டரி 7.3 மெகாவாட்டைத் தள்ளியது. 560க்கு 7.3 சொற்பம். ஆனால் நீராவி டர்பைன்கள் சுதாரித்து எழுவதற்கு முன்னால் வந்த 7.3 அது. 2020இல் இந்த பேட்டரி 150 மெகாவாட்டாக விரிக்கப்பட்டது.

இன்னொன்று அலாஸ்காவின் கோடியாக் தீவு. பில்லர் மலையில் 2009இல் மூன்று, 2012இல் மூன்று என்று 1.5 மெகாவாட் காற்றாலைகள் ஆறு. அங்கே டெரர் ஏரியில் ஏற்கெனவே நீர்மின் நிலையம் இருந்தது, மழையும் பனியும் நிரப்பும் பெரிய தேக்கத்தோடு. எல் யெர்ரோவுக்கு வாய்க்காத பாக்கியம் இது. அவர்கள் தண்ணீரை மேலே ஏற்றவே வேண்டாம். காற்று அடிக்கும்போது மதகை மூடி வைத்தால் போதும், அதுவே சேமிப்பு. நூற்றுக்கு நூறு திரும்பி வரும் சேமிப்பு. தீவின் மின்சாரத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இப்படிக் காற்றாலும் நீராலும் கிடைக்கிறது.

அங்கேயும் நொடிக்கணக்கில்தான் தொல்லை வந்தது. நீண்ட குழாயில் ஓடும் நீருக்குத் திடீரென்று வேகம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப 3 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். பிறகு துறைமுகத்தில் மின்சாரத்தில் இயங்கும் பெரிய கிரேன் வந்தது. ஒவ்வொரு கண்டெய்னரைத் தூக்கும்போதும் சுமை குபீரென்று ஏறும், இறக்கும்போது விழும். நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி இழுத்தடித்தால் பேட்டரியின் ஆயுள் என்ன ஆவது? அதனால் 2015இல் தலா ஒரு மெகாவாட்டில் இரண்டு ஃப்ளைவீல்களை நிறுவினார்கள். அவை கனமான சக்கரங்கள். சுற்றிவிட்டால் சக்தி உள்ளே, சுற்றைத் தளர்த்தினால் வெளியே. லட்சம் தடவை செய்தாலும் அவற்றுக்கு அலுப்பில்லை. நொடிக்கு ஃப்ளைவீல், நிமிடத்துக்கு பேட்டரி, வாரத்துக்கு ஏரி என்று வேலை பிரிந்துவிட்டது.

எல் யெர்ரோவில் எங்கே கை வைக்கலாம்

கோடியாக்கைப் பார்த்தபின் எல் யெர்ரோவின் குறை தொட்டியில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லா வேலையையும் தண்ணீர் தலையிலேயே கட்டியதுதான் குறை. நொடிகளைச் சமாளிக்கும் வேலைக்குத் தண்ணீர் விலை உயர்ந்த கருவி. காற்று பலமாக அடிக்கும் இரவில் நிலைமத்துக்காக டர்பைன்களை ஒரு மெகாவாட்டில் சுற்றவிடுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,000 யூனிட் வருகிறது. அதற்கு 670 கனமீட்டர் தண்ணீர் இறங்குகிறது. அதைத் திரும்ப ஏற்ற 1,400 யூனிட். மணிக்கு 400 யூனிட் நஷ்டம். அந்த ஒரு மெகாவாட் கட்டமைப்பில் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. முதலில் சொன்ன இரவு இரண்டு மணிக் கணக்கில் 1.5 மெகாவாட் காற்று வீணானது என்றேன். டர்பைன் ஒரு மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்தால் வீணாவது 2.5 ஆகிவிடும்.

முதலில் பம்ப்களைக் கூட்டலாம். 6 மெகாவாட்டை 8 ஆக்கினால் அந்த இரவின் வீணில் பெரும்பகுதி மேல் தொட்டிக்குப் போகும், தொட்டி காலியாக இருக்கும் நாட்களில். தேவையை நகர்த்துவது இன்னும் மலிவு. ஆறில்லாத தீவில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் எப்படியும் ஓடியாக வேண்டும். பகலில் ஓடுவதைக் காற்றடிக்கும் இரவுக்குத் தள்ளிவிட்டால் மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதில் குடிதண்ணீராகச் சேமித்தது போல. அதற்கு 70 சதவீதம், 30 சதவீதம் என்று எந்த இழப்புக் கணக்கும் கிடையாது. இலையுதிர் மந்தத்துக்கு வெயில்தான் துணை. காற்று இல்லாத நாளிலும் வெயில் இருக்கலாம். சூரியத் தகடுகள் பகலைப் பார்த்துக்கொண்டால் தொட்டித் தண்ணீர் இரவுக்கு மட்டும் போதும். 45 மணி நேரத் தண்ணீர் அப்போது ஏறக்குறைய மூன்று நான்கு இரவுகளாக நீளும்.

நொடிகளுக்கு ஒரு பேட்டரி. 3, 4 மெகாவாட், அரை மணி தாங்கினால் போதும். கட்டமைப்பைத் தானே தாளமிட்டு நடத்தும் இன்வெர்ட்டரோடு வைத்தால், காற்றடிக்கும் இரவில் டர்பைன்களை நிறுத்திவிடலாம். எட்டு மணி நேர இரவில் 400 யூனிட் வீதம் 3,200 யூனிட் மிச்சம், அதோடு காற்றுக்கு ஒரு மெகாவாட் இடம். இறங்கும் குழாய் அன்றைக்கு ஓய்வெடுக்கும். ஏறும் குழாய் மட்டும் ஓடும்.